தொட்டறியும் கருவியும் சோதனைத் தகடும்

கண்ணாற் கண்டதே மெய்யென்பது உலகோர் கொள்கை. எனினும், கண் செல்லாவிடத்துக் கை சென்று அறிதலும் உண்டு. பழவேற்காட்டேரியின் கலங்கிய நீரில் இருளர் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கின்றனர். ஆங்குக் கண்ணின் தொழிலை விரல் நுனியே செய்கின்றது. ஓடம் விடுவோர் கழியூன்றி ஆழம் அறிகின்றனர். தன் கழியின் நீளம் அறியாதான் ஏரியின் ஆழம் உரைத்தல் கூடுமோ?

இக்கேள்வி நம் விஞ்ஞானசாலைக்கும் உரியது. 1981-ஆம் ஆண்டில் சூரிச் நகரிலே பின்னிக், ரோரர் என்னும் அறிஞரிருவர், கூரிய ஊசி நுனியால் பொருளின் மேற்பரப்பை வரிவரியாக ஆராய்ந்து படமெழுதும் நுணுக்குக்காட்டியை இயற்றினர். 1986-இல் நோபெல் பரிசிற் பங்கும் பெற்றனர். அவ்வாண்டிலேயே, மின்கடத்தாப் பொருளையும் ஆராயவல்ல அணுவிசை நுணுக்குக்காட்டி தோன்றிற்று. 1991-இல் அம்முறையால் மேற்பரப்பின் மின்னழுத்தத்தை இடந்தோறும் அளக்கும் வழியும் கண்டனர். நுனிக்கும் பரப்புக்கும் அழுத்தம் வேறுபடின், ஒன்றையொன்று ஈர்க்கும். அவ்வீர்ப்பை ஒழிக்க நுனிக்கு எவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டுமோ, அதுவே அளவு.

ஈண்டு எச்சரிக்கை வேண்டும். இரு சீப்புகளின் பற்களைக் கோத்தாற்போல அமைந்த உலோகக் கீற்றுகளையுடைய சோதனைத் தகட்டில், ஒரு தொகுதிக்கு 1 வோல்ட் கொடுத்து மற்றதை நிலத்தோடு இணைத்தால், படத்திலும் 1 வோல்ட் வேறுபாடு தோன்றவேண்டும். பல வேளைகளில் அதனிற் குறைந்தே தோன்றுகின்றது. நுனி மட்டுமன்றி, அதனைத் தாங்கும் தண்டும் அயற்கீற்றுகளின் ஈர்ப்பை உணர்வதே காரணம். கீற்று ஒடுங்க ஒடுங்கப் பிழை மிகும். ஈரக்காற்றிலே பரப்பின்மீது படியும் நீர்ப்படலமும் அளவைத் திரிக்கும். கடற்கரையோரத்து ஆய்வுக்கூடங்கள் இதனை மறத்தலாகாது. மழுங்கிய நுனியோ, தன் வடிவையே பரப்பின் வடிவாக எழுதிவிடும்.

ஆதலின், அறியாப் பொருளைப் படமெடுக்குமுன் அறிந்த தகட்டைப் படமெடுத்தல் மாணவர்க்குக் கட்டாயமாதல் வேண்டும் என்பதே எம் கருத்து. காலம் வீணாகும், கருவிக்குக் காத்திருப்போர் பலர் என்பாரும் உளர். கருவி விலைமிக்கது, மாணவர் ஒருவருக்குக் கிடைக்கும் நேரமோ சிறிது என்பது மெய்யே. ஆயின், அச்சிறு நேரமுழுவதும் எடுத்த படங்கள் பொய்யாயின் இழப்பு எத்துணைப் பெரிது! அன்றியும், வண்ணப் படத்தைக் கண்டு மகிழ்வோர் ஒருபுறமிருக்க, அதிற் கண்ட எண்ணை நம்பித் தம் சோதனையைத் தொடங்குவோரும் உண்டு. பிழையின் சுமை முழுதும் அவர் தலைமேலன்றோ விழும்?

மாணவ நண்பர்காள்! உங்கள் ஆய்வேட்டில் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் சோதனைத் தகட்டின் படத்தையும் வையுங்கள். அன்றைய காற்றின் ஈரத்தையும் குறியுங்கள். இவையிரண்டும் இல்லாத படம் அழகிய சித்திரமாகலாம், அளவாகாது.