கடலை மாசாக்குவோர் யார்?

கடல் மாசடைவதற்குப் பொதுமக்களின் ஒழுக்கக்குறைவே காரணம் என்று ஓயாது உபதேசிக்கும் கனவான்கள் நம்மிடையே பெருகிவிட்டனர். மீன் விற்கும் பெண்ணின் கைப்பையும் மாணவனின் சோற்றுப் பொதியைச் சுற்றிய தாளுமே இவர்கள் கண்ணுக்குக் குற்றவாளிகள். இவ்வாதத்தை நாம் வன்மையாக மறுக்கின்றோம்.

2021 மே 20ஆம் நாள் கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த ‘எக்ஸ்பிரஸ் பேர்ல்’ கப்பலில் தீ மூண்டது. அதிலிருந்த நைத்திரிக் அமிலம் கசிவது அதற்கு முன்னரே அறியப்பட்டிருந்தது. யூன் 2ஆம் நாள் கப்பல் அமிழத் தொடங்கிற்று. அது சுமந்து வந்தவற்றுள் ஏறத்தாழ 1,680 டொன் பிளாஸ்ரிக் மணிகளும் அடங்கும். பருப்பளவேயான அம்மணிகள் மேற்குக் கரையெங்கும் குவிந்தன. மீன்பிடி தடைசெய்யப்பட்டது, நீர்கொழும்புக் கடற்றொழிலாளியின் அடுப்பு அணைந்தது. அம்மணிகளோ பையாகவும் போத்தலாகவும் உருப்பெறுமுன்னரே கடலை அடைந்தவை. எந்த ஏழையும் அவற்றை வாங்கவுமில்லை, வீசவுமில்லை. இங்கே தவறியது எவருடைய ஒழுக்கம்?

இனி, நிலத்தின் வழியை நோக்குவோம். குப்பை வண்டி நுழையாத ஒழுங்கையில் கழிவு தேங்குகின்றது. மழை பெய்ததும் வடிகால் அதனை வாய்க்காலுக்கும், வாய்க்கால் களனி கங்கைக்கும், கங்கை கடலுக்கும் கையளிக்கின்றது. வெயிலும் அலையும் அதனைத் துகளாக்க, மீன் அத்துகளை விழுங்குகின்றது. அள்ளிச் சென்ற குப்பையின் கதியோ இன்னுங் கொடிது. 2017 சித்திரைப் புத்தாண்டு நாளன்று மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகரத்தின் கழிவு ஏழையின் கூரைமீதே கொட்டப்பட்டது.

மீளுருவாக்கம் செய்வோமே என்பர் சிலர். 2015 வரை உலகிற் சேர்ந்த பிளாஸ்ரிக் கழிவில் மீளுருவாக்கப்பட்டது நூற்றுக்கு 9 வீதம் மட்டுமே என 2017இல் வெளியான ஆய்வு கணித்தது. இலாபத்துக்காகப் பொருளைப் பெருக்குவோர், அது கழிவானதும் கைகழுவிவிடுகின்றனர். சுமையை நகரசபையும் வறியவரும் கடலும் சுமக்கின்றன.

ஒழுக்கம் வேண்டாமென்பது நமது வாதமன்று. ஒழுக்கத்தின் பெயரால் உற்பத்தியாளன் ஒளிந்துகொள்வதையே நாம் எதிர்க்கின்றோம். 2025 யூலையில் நமது உயர் நீதிமன்றம், அக்கப்பலுக்குரியோர் 100 கோடி டொலர் இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அந்நியாயம் ஒரு கப்பலோடு நின்றுவிடலாகாது. ஆக்குபவனே அதனைத் திரும்பப் பெறவும், அதற்குரிய செலவை ஏற்கவும் சட்டம் வேண்டும். கடற்கரையிற் குப்பை பொறுக்க மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், அக்குப்பை எந்த ஆலையிலிருந்து புறப்பட்டதென்பதையும் அவர்களுக்குக் கற்பிப்பார்களாக.