உவமையை விளிம்பிலேயே விட்டுவிடுங்கள்

யூட்டா மாநிலத்துப் பிரைஸ் கேன்யனைப் பற்றி எழுதும் நம் பயணக் கட்டுரையாளர்கள் தவறாமல் இயற்கையைச் சிற்பியாக்குகிறார்கள். பாறைத் தூண்களைக் கோபுரங்களாக்குகிறார்கள். இது வர்ணனையல்ல, பார்க்க மறுக்கும் சோம்பல்.

ஆறு அறுத்த பள்ளத்தாக்கே அல்ல அது. ஆண்டில் ஏறத்தாழ 200 நாட்கள் உருகியும் உறைந்தும் விரிசல்களில் விரியும் நீர் சுண்ணாம்புப் பாறையைப் பிளக்கிறது. மழைநீரின் மென்அமிலம் விளிம்புகளைக் கரைக்கிறது. சிற்பி ஓரிடத்தில் உளியைக் கீழே வைப்பான். உறைபனி வைப்பதில்லை. 2006இல் நவஹோ லூப் நடைபாதையின் ஒரு பகுதி பாறைச் சரிவால் மூடப்பட்டது.

அடுத்து, பெயர்கள். குவீன்ஸ் கார்டன் பாதையில் இறங்குவோருக்கு ஒரு தூண் விக்டோரியா மகாராணியாகக் காட்டப்படுகிறது. இடத்துக்கோ 1870களில் குடியேறிய எபனேசர் பிரைஸின் பெயர். அவருக்கு முன்பே அந்நிலத்தை அறிந்திருந்த தென் பையூட் மக்களுக்கு அவை, தீச்செயல்களுக்காகக் கயோட்டி கல்லாக்கிவிட்ட மாந்தர். அது உவமையல்ல, ஒரு நிலத்தோடு வாழ்ந்தவர்களின் அறம்.

அகலிகையைப் பாடம் நடத்தும் நாம் இக்கதையைத் தவறவிட்டு விக்டோரியாவை மட்டும் குறித்துக்கொண்டு திரும்புகிறோம் என்றால், அங்கே நடந்தவை நம் கால்கள். பார்த்தவை யாருடைய கண்கள்?