வண்டியில் காத்திருக்கும் பெண்கள்

சென்ற அரையாண்டு விடுமுறையில் எங்கள் குடும்பத்தார் பதினொருவர் ஒரு வேனில் கோவையிலிருந்து புறப்பட்டோம். வாளையாறு கடந்து பாலக்காடு, மண்ணார்க்காடு, பெரிந்தல்மண்ணை, மலப்புறம் வழியாகக் கோழிக்கோடு சென்று திரும்புவது திட்டம். கால்பந்து மைதானங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது, அந்தந்த ஊர் உணவை அந்தந்த ஊரிலேயே உண்பது ஆகிய இரண்டுமே பயணத்தின் நோக்கம்.

முதல் நாள் இரவு மலப்புறம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் செவன்ஸ் ஆட்டம். அணிக்கு எழுவர் ஆடும் இந்த ஆட்டம் மலபாரின் மூச்சு. மழைக்காலம் முடிந்ததும் தொடங்கி, அடுத்த மழை வரும்வரை ஊர் ஊராக நடக்கும். மரங்களையும் பலகைகளையும் கட்டித் தற்காலிகக் காலரி எழுப்புவார்கள். ஆப்பிரிக்க வீரர்களும் வந்து ஆடுவார்கள். பல ஊர்களில் வசூலின் ஒரு பகுதி ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்குப் போகிறது.

வேன் நின்றதும் ஆண்களும் பையன்களும் இறங்கினோம். பெண்கள் வண்டியிலேயே இருந்தனர். இருங்கள் என்று எவரும் கட்டளையிடவில்லை. வருகிறீர்களா என்று எவரும் கேட்கவுமில்லை. பன்னிரண்டு வயது மகள் மட்டும் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டாள்: “அத்தா, ஆஃப்சைடுன்னா என்னன்னு தம்பிக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அவன் உள்ள போறான், நான் ஏன் வண்டியில இருக்கணும்?”

“அங்கே பொம்பளைங்க யாரும் இருக்க மாட்டாங்கம்மா” என்று சொல்லிவிட்டு நடந்தோம். நுழைவுச்சீட்டு கிழித்த பெரியவர் வேனை எட்டிப் பார்த்தார். குடும்பம் வரவில்லையா, பெண்களுக்கு அந்தப் பக்கம் தனி இடம் இருக்கிறதே என்று மலையாளத்தில் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. மைதானத்தின் கதவு திறந்தே இருந்தது. வேனின் கதவைத்தான் நாங்கள் மூடி வைத்திருந்தோம்.

சகோதரர்களே, இது எங்கள் ஒரு குடும்பத்தின் கதை மட்டுமா? நம் சமுதாயத்துக் குடும்பப் பயணங்களை எண்ணிப் பாருங்கள். பயணத்துக்கு முந்தைய இரவு விழித்துக் கட்டுச்சோறு கட்டுபவர்கள் பெண்கள். பிள்ளைகளின் துணிமணி, மருந்து, தொழுகை விரிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஊர் போய்ச் சேர்ந்ததும் இறங்கிப் பார்ப்பவர்கள் நாம். உணவகத்திலும் இதே நிலைதான். நாம் மேசையில் அமர்ந்து சுடச்சுட உண்கிறோம். அவர்களுக்குப் பொட்டலம் வண்டிக்குப் போகிறது. ஆறிப்போன பிரியாணியை மடியில் வைத்து, ஒரு கையால் குழந்தையைப் பிடித்தபடி உண்பவருக்கு அந்த ஊரின் சுவை என்ன தெரியும்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சோற்றை வாயில் வைத்தவுடன் எந்த அரிசி, எத்தனை நேரம் தம் என்று சொல்லக்கூடியவர்களை வண்டியில் விட்டுவிட்டு, “நல்லா இருக்கு” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் தெரியாத நாம் போய் ருசி பார்த்து வருகிறோம்!

இதற்கு மார்க்கத்தைத் துணைக்கு அழைப்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறோம். பெருநாள் அன்று அபிசீனியர்கள் ஈட்டியேந்தி விளையாடியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்த்த நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. விளையாட்டு நடந்த இடம் மஸ்ஜிதுந் நபவி. அன்னையார் நபி (ஸல்) அவர்களின் பின்னால் நின்று பார்த்தார்கள். போதும் என்று அவர்களாகவே சொல்லும்வரை நபியவர்கள் பொறுமையுடன் நின்றுகொண்டிருந்தார்கள். பயணம் ஒன்றில் நபியவர்கள் தம் துணைவியாருடன் ஓட்டப்பந்தயம் ஓடியதும் ஹதீஸ் நூல்களில் உள்ளது. அந்தத் தலைவரின் உம்மத் நாம். நம் வீட்டுப் பெண்களுக்காக நாம் எத்தனை நிமிடம் நின்றிருக்கிறோம்?

மறுப்புகள் எழும் என்பதை அறிவோம். அவற்றில் சில நியாயமானவை.

காலரியில் நெரிசல், கூச்சல், வசைமொழி என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த வசைமொழி மகளின் காதுக்கு ஆகாது என்றால் மகனின் காதுக்கு மட்டும் ஆகுமா? பாதுகாப்பு பற்றிய கவலையும் மெய்யானதே. 2022 மார்ச்சில் மலப்புறம் மாவட்டத்தில் செவன்ஸ் ஆட்டம் ஒன்றில் தற்காலிகக் காலரி சரிந்து பலர் காயமடைந்தனர். எனவே குழந்தைகளோடு செல்வோர் உறுதியான கட்டடமுள்ள மைதானத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். முன்கூட்டியே சென்று வாயிலுக்கு அருகில் அமரட்டும். இந்த எச்சரிக்கை பையன்களுக்கும் சேர்த்துத்தான்.

தொழுகை தவறிவிடும் என்பார்கள். பயணிக்கு நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கும் சலுகை இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபினர் லுஹரையும் அஸரையும், மஃக்ரிபையும் இஷாவையும் சேர்த்தும் தொழலாம். ஹனஃபிகள் அந்தந்த நேரத்தில் தொழவேண்டும். அதற்கேற்ப நிறுத்தங்களைத் திட்டமிட்டால் போதும். கேரள நெடுஞ்சாலையோரப் பள்ளிவாசல்கள் சிலவற்றில் பெண்கள் தொழ இடமுண்டு என்ற பலகையைக் காணலாம். நம் பக்கத்து நெடுஞ்சாலைகளில் அத்தகைய பலகைகள் எத்தனை?

வீண் விரயம் என்பார்கள். வணிக வளாகத்திலும் கேளிக்கைப் பூங்காவிலும் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, ஒரு மைதானத்தின் நுழைவுச்சீட்டை விரயம் என்பது முறையா?

உலகம் எங்கோ சென்றுவிட்டது. 2018 ஜனவரியில் சவூதி அரேபியா ஜித்தாவில் பெண்களுக்குக் கால்பந்து அரங்கத்தைத் திறந்தது. 2019 அக்டோபரில் தெஹ்ரானின் ஆசாதி அரங்கத்தில் ஈரானியப் பெண்கள் சீட்டு வாங்கி அமர்ந்து தம் அணியின் ஆட்டத்தைப் பார்த்தார்கள். 2022 உலகக் கோப்பையில் போர்ச்சுகலை வென்ற மொராக்கோ வீரர் சோஃபியான் பூஃபால், தோஹாவின் அல் துமாமா அரங்கத்தில் தம் தாயைப் புல்தரைக்கே அழைத்து வந்து மகிழ்ந்தாடியதை நாமெல்லாம் தொலைக்காட்சியில் கண்டு கண் கலங்கினோம். அந்தத் தாய் வாகன நிறுத்துமிடத்தில் காத்திருந்தால் அந்தக் காட்சி ஏது? அடுத்த ஆண்டே பெண்கள் உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்ஸினா ஹிஜாப் அணிந்து ஆடிய முதல் வீராங்கனை ஆனார். அவரைப் பாராட்டிச் செய்தி பகிர்ந்த நம் கைகளே வேன் கதவைச் சாத்துகின்றன.

மறுநாள் நாங்கள் திருந்தினோம். மஞ்சேரிக்கு அருகிலுள்ள பய்யநாடு மைதானத்தின் முன் பதினொருவரும் இறங்கினோம். 2022இல் சந்தோஷ் டிராஃபி அங்கே நடந்தது. ஏறக்குறைய அந்தத் தொடர் முழுவதும் ரமளானில். மே 2 இரவு, பெருநாளுக்கு முந்தைய இரவு, கேரளம் வங்காளத்தைப் பெனால்ட்டியில் 5-4 என்று வென்றது. அரையிறுதியில் கர்நாடகத்துக்கு எதிராக ஜெஸின் ஒருவரே ஐந்து கோல் அடித்ததை மகள் தம்பிக்கு விவரித்தாள். எங்களுக்கே அது புதுச் செய்தி.

கோழிக்கோட்டில் எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்தோம். பிரியாணியின் முதல் கவளத்திலேயே எங்கள் மாமி, “இது கைமா அரிசி. மசாலாவும் சோறும் தனித்தனியா வெந்து தம்முல சேர்ந்திருக்கு. நம்ம ஊர்ல சீரகச் சம்பாவைக் குழம்போட சேர்த்துல்ல வேக வைப்போம்” என்றார். நேந்திரம்பழத்தை வேகவைத்து மசித்துத் தேங்காய்ப் பூரணம் வைத்துப் பொரித்த உன்னக்காயைப் பிட்டுப் பார்த்துச் செய்முறையை ஊகித்தார். கல்லுமக்காய் வந்ததும் ஹனஃபிகள் கை கழுவி ஒதுங்கினோம். ஷாஃபிஈ மருமகன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மேசை முழுதும் சிரிப்பு. இத்தனை ஆண்டுப் பயணங்களில் மாமி அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. அந்நகரின் புகழ்பெற்ற மாப்பிளா உணவகங்களில் ஒன்றான ஜெயின்ஸைத் தொடங்கியவர் ஜைனபி நூர் என்ற பெண்மணி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சமையலறையில் பெண்கள் காத்த சுவைதான் மலபார் உணவகங்களின் முதலீடு. அதை உண்ணும் மேசையில் அவர்களுக்கு இடமில்லை என்றால் அது நன்றிகெட்டதனம்.

போட்டி நடத்துவோரிடமும் உணவக உரிமையாளர்களிடமும் நாம் கேட்கவேண்டியவை உண்டு. பெண்களுக்குத் தூய்மையான கழிப்பறை, குடும்பத்தோடு அமரத் தனிப் பகுதி, தொழ ஒரு சிறு இடம். ஆனால் வராதவர்களுக்காக எவரும் இடம் கட்டமாட்டார்கள். முதலில் நாம் அழைத்துச் செல்வோம், பிறகு கேட்போம்.

அடுத்த விடுமுறைக்கு வண்டி பேசும்போது எத்தனை இருக்கை என்று கேட்பீர்கள். போய்ச் சேர்ந்ததும் எத்தனை பேர் இறங்குவார்கள் என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். இறங்க விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம். ஆனால் கேளுங்கள். இத்தனை காலமும் நாம் கேட்கவேயில்லை என்பதுதான் நம் மீதுள்ள குற்றச்சாட்டு.

நம் பயணங்களை நம் வீட்டார் அனைவருக்கும் மகிழ்ச்சியாக வல்ல அல்லாஹ் ஆக்கி வைப்பானாக.