முப்பந்தல் காற்றை வீணாக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆனி, ஆடியில் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் முப்பந்தலில் இதைப் பார்த்திருப்பார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆளையே தள்ளும். ஆனாலும் காற்றாலைக் காத்தாடிகள் சில சுற்றாமல் நிற்கும். அவையெல்லாம் பழுதானவை என்று நினைக்க வேண்டாம். மின்சாரத்தை எடுத்துக்கொள்ள முடியாது என்று மின்வாரியத்தார் சொல்லி, நல்ல காற்றிலேயே நிறுத்தச் சொல்கிறார்கள் என்பது காற்றாலை நடத்துவோர் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் புகார். இந்தக் காற்று வீணாவதை எதிர்த்தே எழுதுகிறேன்.

2021 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. காற்று மின்சாரத்தை விலைக் கணக்குப் பார்த்து நிறுத்தக் கூடாது. மின்தொகுப்புக்கு ஆபத்து, தொழில்நுட்பத் தடை என்றால் மட்டுமே குறைக்கலாம். ஆனால் இரவில் காற்று ஓங்கித் தேவை குறையும்போது, அனல் நிலையங்களை ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடிவதில்லை. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவற்றுக்கு நிலைக் கட்டணம் வேறு கொடுத்தாக வேண்டும். கடைசியில் நிற்பது காத்தாடிதான். உடன்குடியில் 1,320 மெகாவாட் அனல் நிலையம் கட்டும் அரசு, காற்று மின்சாரத்தைக் கொண்டுபோகும் பாதைக்கும் அதைச் சேமிக்கும் வழிக்கும் அதே முனைப்பைக் காட்ட வேண்டாமா? நீரை மேலேற்றி வைத்து மின்சாரம் எடுக்கும் நிலையம் காடம்பாறையில் 1980களிலிருந்தே ஓடுகிறது. அந்த 400 மெகாவாட்டோடு நின்றுவிட்டோம். குந்தாவில் அதேபோல் இன்னொன்றுக்குத் தொடங்கிய வேலை இழுத்துக்கொண்டே போகிறது.

2012-இன் மின்வெட்டை நாங்கள் மறக்கவில்லை. சென்னைக்கு 2 மணி நேர வெட்டு; மற்ற மாவட்டங்களில் பகலும் இரவுமாகப் பல மணி நேரம். அதன்பின் தேவையும் கூடிவிட்டது; 2024 மே 2 அன்று மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. 2022 செப்டம்பரிலும் 2024 ஜூலையிலும் வீட்டு மின்கட்டணமும் ஏறியது. காசு கொடுக்கும் எங்களுக்கு, காற்று எவ்வளவு வீணாகிறது என்று கேட்கும் உரிமை இருக்கிறது.

இன்னொரு வீணாக்கல் இதைவிடப் பெரியது. நாட்டிலேயே சிறந்த காற்று வீசும் இந்த நிலத்தை 225, 250 கிலோவாட் பழைய இயந்திரங்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. இன்றைய ஒரு காத்தாடி 2 மெகாவாட்டுக்கு மேல் தரும். அப்படி எட்டு ஒன்பது பழையவை சேர்ந்தால்தான் புதியது ஒன்றுக்கு ஈடாகும். காற்றாலைத் திறனில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த தமிழ்நாட்டை 2023-இல் குஜராத் முந்தியது. பழையவற்றை மாற்ற 2024-இல் மாநில அரசு ஒரு கொள்கை வெளியிட்டது. அதில் விதித்த கட்டணத்தைக் காற்றாலை உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். அடுத்தடுத்த மனைகள் வெவ்வேறு ஆட்களுக்குச் சொந்தமாக இருப்பதால் ஒருவர் மட்டும் மாற்றவும் முடியாது. அந்தச் சிக்கல் எனக்குப் புரிகிறது.

ஆனால் மின்வாரியமே 1986 முதல் மாதிரிக்கென்று நிறுவிய காத்தாடிகள் மொத்தம் சுமார் 17 மெகாவாட் இருக்கின்றன. முப்பந்தல், கயத்தாறு உள்ளிட்ட இடங்களில் உள்ள அவை ஆயுள் முடிந்தவை. அவற்றை மாற்ற எந்தத் தனியார் காற்றாலை முதலாளியின் சம்மதமும் தேவையில்லை. பசுமை மின்சாரத்துக்கென்றே 2024-இல் பசுமை எரிசக்திக் கழகம் என்று தனி நிறுவனமும் பிரித்தாயிற்று. அரசு தன் சொந்த இடத்தில் செய்து காட்டினால்தான் தனியார் பின்னால் வருவார்கள்.

வரும் வைகாசிக்குள் இந்த மாற்று வேலை முப்பந்தலில் தொடங்க வேண்டும். சீசனில் தினமும் எத்தனை மணிக்கு, எத்தனை மெகாவாட் காற்று மின்சாரம், என்ன காரணத்தால் நிறுத்தப்பட்டது என்ற விவரத்தை மின்வாரியம் மறுநாளே தமிழில் வெளியிட வேண்டும். நம் மாவட்டத்துச் சட்டமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரில் இதைக் கேள்வியாக எழுப்புவார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நெய்யூர், குமரி மாவட்டம்.