சந்திராதித்தவரையும் முப்பது மாதமும்

அறந்தாங்கிக்கு அருகே அழியாநிலை என்றோர் ஊர் இருக்கிறது. யார் எந்த நினைப்பில் இட்ட பெயரோ தெரியாது. ‘தற்காலிகம்’ என்று அரசு ஏட்டில் எழுதி வைத்த ஒரு முகாம் அந்த ஊரில்தான் அமைந்தது என்பதை விதியின் குறும்பு என்றே சொல்லத் தோன்றுகிறது. ஆலங்குடிப் பக்கம் தோப்புக்கொல்லை, திருமயம் போகும் வழியில் லேணா விளக்கு, இங்கே அழியாநிலை. புதுக்கோட்டை மாவட்டத்தில் கடல் கடந்து வந்த ஈழத்தமிழர் குடியிருக்கும் இடங்கள் இவை மூன்று. சில காலம் முன்பு அழியாநிலைக்குப் போயிருந்தபோது, பத்துக்குப் பத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா பழைய ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பையைப் பிரித்துக் காட்டினார். மண்டபத்தில் இறங்கிய அன்று கொடுத்த சீட்டு, குடும்பப் பதிவு அட்டை, ஊரில் வாங்கிய பிறப்புச் சான்று. மடிப்புகளில் எழுத்து போய்விட்டது. “எத்தனை மழை ஒழுகினதெண்டாலும் இதை மட்டும் நனைய விடேல்லை, தம்பி” என்றார். பேரப்பிள்ளை பக்கத்தில் பத்தாம் வகுப்பு இயற்பியல் படித்துக்கொண்டிருந்தான். மூன்று தலைமுறையைத் தாங்குகிற தற்காலிகம் அது.

அந்தப் பையை நினைத்துக்கொண்டுதான் ஐரோப்பியச் செய்திகளைப் படிக்க நேர்கிறது. 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் குடியேற்றத்துக்கும் புகலிடத்துக்குமான பெரிய உடன்படிக்கையை நிறைவேற்றி, அது நடைமுறைக்கு வரும் நாளாக 2026 ஜூன் 12-ஐக் குறித்துக்கொண்டது. எல்லையிலேயே வைத்து விசாரித்து, சில வாரங்களுக்குள் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ சொல்லி அனுப்பிவிட வேண்டும் என்பது அதன் நடுநாடி. தன் பங்குக்கு ஆட்களை ஏற்க மனமில்லாத நாடு, தலைக்கு 20,000 யூரோ வீதம் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். போலந்து 2025 மார்ச்சில் பெலாரஸ் எல்லையில் புகலிடம் கேட்கும் உரிமையையே நிறுத்தி வைக்கச் சட்டம் செய்தது. அதே ஆண்டு ஜூலையில், வட ஆப்பிரிக்காவிலிருந்து படகில் வருவோரின் மனுக்களை மூன்று மாதம் வாங்குவதில்லை என்று கிரேக்கம் சொன்னது. அந்த மாதத்திலேயே ஜெர்மனி, முழு அகதித் தகுதி இல்லாமல் துணைநிலைப் பாதுகாப்பு மட்டும் பெற்றவர்கள் மனைவி மக்களை அழைத்துக்கொள்வதை இரண்டாண்டு தள்ளிவைத்தது. நவம்பரில் பிரிட்டன், டென்மார்க்கின் வழியைப் பார்த்து எழுதிய திட்டம் ஒன்றை அறிவித்தது. அகதித் தகுதி இனி நிலையானதன்று; முப்பது மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை; நிரந்தரக் குடியிருப்புக்கு இருபது ஆண்டுக் காத்திருப்பு. தலைப்புச் செய்திகளில் இது புதுமை. அழியாநிலைப் பெரியம்மாவுக்கு இதில் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை.

புகலிடம் என்ற சொல்லே நமக்கு இரவல் சொல் அல்ல. ‘அஞ்சினான் புகலிடம்’ என்று ஒரு தொடர் இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் வருகிறது. அச்சப்பட்டு ஓடிவந்தவன் வந்து சேரும் இடம் என்று ஓர் ஊரையோ ஊரின் ஒரு பகுதியையோ அறிவித்துக் கல்லில் வெட்டி வைத்தார்கள். புதுக்கோட்டை வட்டாரத்தில் இதற்கு நெருங்கிய உறவாக ‘ஆசிரியம்’ கல்வெட்டுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. இங்கே ஆசிரியம் என்பது பாடம் சொல்லும் தொழில் அல்ல. ஆசிரயம், அதாவது அடைக்கலம். இன்ன அரையரின் காவலில் இந்த ஊர் இருக்கிறது, எவரும் தொடக் கூடாது என்பதற்கு நட்ட கல். கண்மாய்க்கரையிலும் பொட்டலிலும் சாய்ந்து கிடக்கும் அந்தக் கற்களில் ஆட்டுக்குட்டி முதுகு தேய்த்துக்கொண்டிருப்பதை இன்றும் பார்க்கலாம். அந்தக் காலத்தை நான் பொற்காலமாக்கிக் காட்ட வரவில்லை. பெரிய அரசுகள் தளர்ந்து, ஆள்கிறவன் யார் என்றே தெரியாமல் ஊர்கள் நடுங்கிய நாட்களில்தான் இப்படிக் கற்கள் பெருகின. காவலுக்குக் கூலியும் உண்டு. ஆனால் கல்வெட்டுகளின் வழக்கத்தில் ஒரு சொல் உண்டு: சந்திராதித்தவரை. நிலவும் ஞாயிறும் உள்ளவரை. ஒரு கொடையையோ வாக்கையோ கல்லில் ஏற்றும்போது, அதைத் திரும்பப் பெறும் எண்ணமில்லை என்பதைச் சொல்ல நம் முன்னோர் கையாண்ட அளவுகோல் அது. முப்பது மாதம் என்பது இன்னோர் அளவுகோல்.

கல்லில் எழுதியதையெல்லாம் காத்தோம் என்றும் சொல்வதற்கில்லை. பாரி மாண்டபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு கபிலர் வாசல் வாசலாக நின்ற கதை புறநானூற்றில் இருக்கிறது. விச்சிக்கோன் மறுத்தான், இருங்கோவேளும் மறுத்தான். கொடும்பாளூரில் மூவர் கோயில் கட்டிய இருக்குவேளிர் அந்த இருங்கோவேளின் குலத்தவரே என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அது சரியென்றால், புகலிடம் மறுத்ததாக இலக்கியத்தில் பதிவான பழைய பெயர்களில் ஒன்று நம் மண்ணோடு ஒட்டியிருக்கிறது. பிறகு 1799. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தபின் வடக்கே வந்த கட்டபொம்மன் திருக்களம்பூர்க் காட்டுப் பகுதியில் பிடிபட்டான். பிடித்துக் கும்பெனியிடம் ஒப்படைத்தது தொண்டைமானின் ஆட்கள். அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்கு. அடைக்கலம் கேட்டு வந்தவனைக் காட்டிக்கொடுத்தார்களா, அழையாமல் வந்தவனை உடன்படிக்கைப்படி பிடித்தார்களா என்ற வழக்கு புதுக்கோட்டைத் தேநீர்க் கடைகளில் இன்னும் முடியவில்லை. இரண்டு கட்சிக்கும் வாதங்கள் உண்டு. எனக்குப் படுவது ஒன்று: ‘உடன்படிக்கை’ என்ற சொல் அன்றைக்கும் புகலிடத்துக்கு எதிர்ப்புறமாகவே நின்றது.

நாமும் போனவர்கள்தான் என்பதை இந்தச் சீமை எளிதில் மறந்துவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மழை பொய்த்த ஆண்டுகளிலெல்லாம் திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் சீமைகளின் குடியானவர்கள் கங்காணியின் பின்னால் நடந்து, கடலோரம் தோணியேறி, மன்னாரில் இறங்கி, கண்டிச் சீமைத் தோட்டங்களுக்குப் போனார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளை 1948-ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் ஒரே வீச்சில் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டு 5,25,000 பேர் இந்தப் பக்கம், 3,00,000 பேர் அந்தப் பக்கம் என்று நெல்லளப்பதுபோல் அளந்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை இலட்சம் பேரைச் சரிபாதியாகப் பிரித்த ஒப்பந்தம் 1974 ஜனவரியில் வந்தது. புதுக்கோட்டை தனி மாவட்டமானதும் அதே ஜனவரியில்தான். இலங்கைக்குப் போகும் கூலிகளை நிறுத்தி நோய்ச்சோதனை செய்து அனுப்பிய மண்டபம் முகாமிலேயே, 1983 ஜூலைக்குப் பிறகு இலங்கையிலிருந்து ஓடிவந்தவர்களை நிறுத்திப் பதிவு செய்தார்கள். வந்தவர்களுள் மலையகத்திலிருந்து வன்னிக்குப் பெயர்ந்த, தாத்தாவின் ஊர் திருச்சிப் பக்கம் என்று சொல்லக்கூடிய குடும்பங்களும் இருந்தன. திரும்பி வந்த பேரனுக்கு அந்நியன் என்று பெயர்.

ஐரோப்பாவின் கதவு இறுகியதிலும் நம்மவர் கைத்தடம் பதிந்திருக்கிறது. ஜெர்மனியின் 1949 அரசியல் சட்டம், அரசியல் காரணத்தால் துரத்தப்படுவோர்க்குப் புகலிட உரிமை உண்டு என்பதை ஜெர்மன் மொழியில் நான்கே சொற்களில் சொன்னது. எழுதிய காலத்தில், நாஜி ஆட்சிக்குத் தப்பி வெளிநாடுகளின் வாசலில் நின்ற ஜெர்மானியரின் நினைவு பச்சையாக இருந்தது. அதனால் சொல் சுருக்கமாக வந்தது. எண்பதுகளில் ஈழத்து இளைஞர்கள் கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, நகர ரயிலேறி மேற்கு பெர்லினுக்குப் போய் அந்த நான்கு சொற்களின் முன்னே நின்றார்கள். மேற்கு ஜெர்மனி கடன் வசதியையும் பேச்சுவார்த்தையையும் வைத்து, 1985-ல் கிழக்கு ஜெர்மனியைக் கொண்டே அந்த வழியை அடைத்தது. பெர்லின் சுவர் தன் மக்கள் வெளியேறாதிருக்க எழுந்த சுவர். கொஞ்சகாலம் நம் பிள்ளைகளுக்கு அது வாசலாக இருந்திருக்கிறது. அதே 1985-ல் பிரிட்டன் இலங்கையர்க்கு விசா கட்டாயம் என்றது. காமன்வெல்த் நாடொன்றின் மக்களுக்கு அது அப்படி விதித்தது அதுவே முதல்முறை. 1987 பிப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்படவிருந்த சுமார் 60 தமிழர்கள், ஓடுதளத்துக் குளிரில் மேலாடை களைந்து நின்று மறுத்தார்கள். ஆடை களைவதற்கு நம் ஊரில் என்ன பொருள் என்பதை அங்கே யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டே, உரிய ஆவணமில்லாதவரை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்கு அபராதம் என்ற சட்டம் வந்தது. எல்லைக் காவலரின் வேலை அன்றிலிருந்து கொழும்பு விமான நிலையத்தில் பயணச்சீட்டு பார்க்கும் ஊழியரின் கைக்கு மாறியது. ஜெர்மனியின் நான்கு சொற்கள் 1993-ல் ஐந்து உட்பிரிவுகளாக நீண்டன. பாதுகாப்பான மூன்றாம் நாட்டின் வழியாக வந்தவர் அந்த உரிமையைக் கோர முடியாது என்றாயிற்று. ஆக, இன்று வருவது நாற்பதாண்டாகச் சாத்திக்கொண்டே வந்த கதவின் இன்னொரு தாழ்ப்பாள்.

நம் நாடு 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திட்டதே இல்லை. அகதிச் சட்டம் என்று ஒன்றும் நம்மிடம் இல்லை. கருணையால் சேர்த்தோம், கருணையால் சோறிட்டோம். கோபம் வந்தபோது, 1991 மே மாதத்துக்குப் பிறகு, 1992-ல் கப்பலேற்றித் திருப்பி அனுப்பவும் தொடங்கினோம். விரும்பித்தான் போகிறார்களா என்று கேட்டுப் பார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் வந்து உட்கார வேண்டியிருந்தது. குறைசொல்ல மட்டும் இதை எழுதவில்லை. பள்ளியும் மருத்துவமனையும் ரேஷன் கடையும் அவர்களுக்குத் திறந்தே இருந்தன. பணக்கொடையை 2021-ல் தமிழக அரசு குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தியது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட முடிவெடுத்தது. ‘அகதிகள் முகாம்’ என்ற பலகையை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. ஐரோப்பாவின் பல பணக்கார நகரங்களில் இத்தனை ஆண்டு இத்தனை பேரை இவ்வளவு பகையில்லாமல் வைத்திருந்ததில்லை. ஆனால் எந்தச் சலுகையும் உரிமையாகவில்லை. முகாமில் செக்கிங் உண்டு. அன்றைக்குப் பெயிண்ட் வேலைக்கு வெளியூர் போனவன் கூலியை விட்டுவிட்டு வந்து தலைகாட்ட வேண்டும். 2019 குடியுரிமைத் திருத்தத்தின் பட்டியலில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் புதிய குடியேற்றச் சட்டத்தோடு வந்த ஆணை, 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிந்த இலங்கைத் தமிழரை, ஆவணமில்லை என்று தண்டிப்பதிலிருந்து விலக்கியது. அது பெரிய ஆறுதல்தான், குடியுரிமை அல்ல. அதே ஆண்டு மே மாதம், இங்கேயே தங்க அனுமதி கேட்ட ஓர் ஈழத்தமிழரின் மனுவை விசாரித்தபோது, இந்தியா என்ன தர்மசத்திரமா என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. இராமேசுவரம் போகும் வழி நெடுகச் சத்திரங்களைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரனுக்கு அந்தச் சொல் உறுத்தியது. சத்திரத்திலும் யார் எந்தப் பந்தியில் என்ற கணக்கு இருந்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஐரோப்பா கொடூரமாகிவிட்டது என்பதோடு இந்த மாற்றத்தைப் பேசி முடித்துவிட எனக்கு மனமில்லை. இரண்டாம் உலகப்போரின் சாம்பலிலிருந்து அது ஓர் அரிய காரியத்தைச் செய்திருந்தது: ஆள்பவனின் மனநிலையில் தொங்கிக்கொண்டிருந்த அடைக்கலத்தை இறக்கி, கேட்பவன் கையில் உரிமையாகக் கொடுத்தது. இப்போது அதைத் திரும்ப மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறது. சேர்ந்துகொண்டிருக்கும் இடம் நாம் எப்போதும் நின்ற இடம். முப்பது மாதத்துக்கு ஒருமுறை கோப்பைத் திறந்து ‘இன்னும் அஞ்சுகிறாயா?’ என்று கேட்கப்போகும் பிரிட்டிஷ் அலுவலகத்துக்கு முன்மாதிரி வேண்டுமானால், டென்மார்க் வரை போக வேண்டியதில்லை. லேணா விளக்கில் பேருந்தை விட்டிறங்கினால் போதும். லண்டனிலோ பாரிசிலோ குடியுரிமை பெற்றுவிட்ட ஓர் அண்ணனுக்கும், அழியாநிலையில் பதிவேட்டில் கையெழுத்திடும் தம்பிக்கும் நடுவே நின்ற தூரம், அண்ணன் போன வாசல் இறுகுவதால் இனி வருகிறவர்களுக்குக் குறையும். குறைகிற திசைதான் தவறு.

1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் 2022 தீர்ப்பால் இந்தியக் கடவுச்சீட்டு பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் என்பதே அவர் பிடித்த நூல். அழியாநிலையில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்த அந்தப் பையன் பிறந்தது புதுக்கோட்டை அரசு மருத்துவமனையில். அவன் தாயும் தகப்பனும் முகாமில் வளர்ந்தவர்கள். ஆனால் அவன் பிறந்தது அந்தத் தேதிக்குப் பிறகு; பதிவேட்டில் ‘நாடு’ என்ற கட்டத்தில் அவனுக்கு எழுதியிருப்பது இலங்கை.