செல்லாக்காசு



மதுரங்குளிக்கு அண்மையில் காசு போட்டுக் குடிதண்ணீர் பிடிக்கும் ஓர் இடம் உண்டு. ஒருநாள் வேலை நிமித்தம் அப்பக்கம் சென்றபோது, வரிசையில் நின்ற ஒரு ராத்தாவைக் கண்டேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர், கணவரை இழந்தவர். அவர் போட்ட 10 ரூபாய்க் குற்றியை இயந்திரம் திரும்பத் திரும்ப வெளியே தள்ளியது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். வெறும் கேனுடன் விலகி வந்தவர், “நானும் இந்தக் காசும் ஒண்டுதான் தங்கச்சி. செல்லாக்காசு” என்றார்.

அந்தச் சொல் என்னை உறுத்தியது. காசை வாங்கிப் பார்த்தேன். தேய்ந்திருந்தது, ஆனால் நல்ல காசு. எதிர்க் கடையில் மறுபேச்சின்றி வாங்கினார்கள். அப்படியானால் பிழை எங்கே?

காசை நம்பி வேலை செய்யும் இயந்திரங்கள் இன்று நேற்று வந்தவை அல்ல. 1889 நவம்பரில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், 5 சதக் குற்றி போட்டால் பாட்டுக் கேட்கும் பெட்டியை வைத்தார்கள். அதன் வழியில் வந்ததே ஜூக் பாக்ஸ். பழைய ஜூக் பாக்ஸினுள் விழும் காசைச் சிறு தராசு போன்ற ஒரு பகுதி நிறுத்துப் பார்க்கும். பாரம் குறைந்தால் திருப்பி அனுப்பும். இரும்புத் துண்டைப் போட்டு ஏமாற்றினால் காந்தம் பிடித்துக்கொள்ளும். நாட்டின் நாணயம் மாறும்போது இந்தப் பகுதியையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நல்ல காசும் அதற்குக் கள்ளக்காசுதான்.

எமது நாட்டிலும் நாணயங்கள் மாறின. 2005 இல் முலாம் பூசிய உருக்கில் புதிய குற்றிகள் வந்தன. பதினொரு பக்கங்கள் கொண்ட 10 ரூபாய்க் குற்றியும் முதலில் நிக்கல் முலாம் பூசியதாகவே இருந்தது. 2017 இல் துருப்பிடிக்காத உருக்கில் வந்தது. எமக்கு இரண்டும் 10 ரூபாய். உலோகத்தைச் சோதிக்கும் இயந்திரத்துக்கோ அவை இரண்டு வெவ்வேறு காசுகள்.

தண்ணீர் இயந்திரத்தில் இருந்தது ஒரே ஒரு மாதிரிக் காசுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் பகுதி. அதனுள் வைத்திருந்தது புதிய குற்றி. ஊர்ப் பெண்கள் கூடிப் பேசி, பலவகைக் காசை ஏற்கும் பகுதியை மாற்றத் தீர்மானித்தார்கள். வேலை கடினமானதல்ல. பாஸ் மின்சாரத்தை நிறுத்தி, ஆணிகளைக் கழற்றி, வயர்களைப் பார்த்துப் பார்த்துப் புதியதில் பொருத்தினார். ஆனால் புதிய பகுதிக்கும் முதலில் மாதிரிக் காசுகளைப் போட்டுக் காட்ட வேண்டும். அது எதைக் கண்டதோ, அதைத்தான் பிறகு ஏற்கும்.

பாஸ் தன் சட்டைப்பையிலிருந்து பளபளக்கும் காசுகளை எடுத்தார். அப்போது அந்த ராத்தா முன்னால் வந்தார். சேலை முடிச்சை அவிழ்த்து, “இதையும் காட்டுங்க தம்பி” என்றார். மற்றப் பெண்களும் தேய்ந்த காசு, கறுத்த காசு எல்லாம் கொடுத்தார்கள். இரண்டு வகைக் குற்றிகளும் தனித்தனியே பதியப்பட்டன. அன்று அவருடைய கேன் நிறைந்தது.

சகோதரிகளே, வீட்டுத்திட்டப் பட்டியலிலும் உதவிப் படிவத்திலும் எமது நிலைமைக்கு இடமில்லாதபோது, நாம்தான் தகுதியற்றவர்கள் என்று தலைகுனிந்து திரும்பிவிடுகிறோம். கணவரின் கையொப்பம் எங்கே, பழைய காணி உறுதி எங்கே என்று கேட்கும் படிவம், எம்மைப் போன்றவர்களைக் காணாமலே தயாரிக்கப்பட்டிருக்கலாம். அதைத் தயாரிக்கும் கூட்டத்துக்கு நாமும் போவோம். தனியே போகத் தயங்கினால் நாலு பேராகப் போவோம். “இதையும் காட்டுங்க” என்று சொல்ல வேண்டியது அங்கேதான்.