டிசம்பரில் ஊருக்குப் போறீங்களா? ஹொட்டேல் யாருடையது என்று முதல்ல கேளுங்கோ



டிசம்பர் லீவு நெருங்க நெருங்க எங்கட குடும்ப வட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் சுத்துது. இலங்கைக்குப் பக்கேஜில போறதா, நாங்களே ரிக்கெற் போட்டுப் போறதா? பெரியவர்களுக்குப் பக்கேஜ் வசதி. எங்கட வயதுக்காரர் அதைக் கேட்டாலே முகம் சுழிக்கிறோம். பையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகப் போவதுதான் 'உண்மையான' பயணம் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு.

அந்த நினைப்பு எங்கே இருந்து வந்தது என்று பாருங்கள். 1973-ல் சிட்னியில் ஒரு தம்பதி, குறைந்த செலவில் ஆசியாவைக் கடந்து வந்த கதையைச் சின்னப் புத்தகமாகப் போட்டார்கள். அதுதான் லோன்லி பிளானற் ஆனது. பிறகு அதன் தலைமையகம் மெல்பேர்ணில் இருந்தது. தனியாகப் பயணம் போகிறவர்களுக்கு வேதம் மாதிரி இருந்த அந்த வழிகாட்டி, 2013-க்குப் போகவேண்டிய நாடுகளில் முதலாவதாக இலங்கையைச் சொன்னது. 2019-க்கும் அதே இலங்கைதான் முதலிடம். 2013-ல் முள்ளிவாய்க்கால் முடிந்து நாலு வருசம்தான். 1990-ல் உயர் பாதுகாப்பு வலயம் என்று துரத்தப்பட்ட வலிகாமம் வடக்குச் சனம் அப்போதும் முகாம்களில் இருந்தது. பக்கேஜ் விளம்பரம் காட்டிய கடற்கரையைத்தான் தனிப் பயணிகளின் புத்தகமும் காட்டியது.

அதனால் பக்கேஜா தனியாகவா என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்கிறோம். காசு யாருக்குப் போகுது, நாங்கள் கேட்கப்போகும் கதையை யார் சொல்லுகினம் என்பதுதான் மிச்சப் பாதி.

முதலில் பக்கேஜைப் பார்ப்போம். சீகிரியா, தம்புள்ளை, கண்டி, நுவரெலியா, யால, காலி. பெரும்பாலான பக்கேஜ்களின் பாதை இதுதான். வடக்கும் கிழக்கும் இருந்தாலும் கடைசியில் ஓரிரு இரவு. இங்கே முழுக் காசையும் கட்டுகிறோம். இங்கத்தைய ஏஜென்சியும் கொழும்புக் கொம்பனியும் தங்கட பங்கை எடுத்த பிறகுதான் மிச்சம் கீழே இறங்கும். வாகனம் ஓட்டுகிறவருக்குச் சம்பளம் போதாது. வாசனைத் திரவியத் தோட்டத்திலும் மாணிக்கக் கடையிலும் கிடைக்கும் கொமிசனில் அவர் சமாளிக்கவேண்டும். நாங்கள் கேட்காத கடையில் வான் ஏன் நிற்குது என்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

மலையகத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை, ஒரு கோப்பை தேநீர், கொழுந்து எடுக்கும் பெண்களோடு ஒரு படம். அந்தப் பெண்களுக்கு நாளுக்கு 1,000 ரூபா என்ற சம்பளமே பல வருசப் போராட்டத்துக்குப் பிறகு 2021-ல்தான் வர்த்தமானியில் வந்தது. 2023-ல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, தங்கட முன்னோர் நடந்த வழியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்கள் நடந்தார்கள். அந்த வழி எந்தப் பக்கேஜிலும் இருக்காது.

அடுத்தது ஹொட்டேல். காங்கேசன்துறைக் கடற்கரையில் தல்செவன என்று ஒரு விடுதி இருக்கு. அதை நடத்துவது இலங்கை இராணுவம். கல்குடாவில் 'லயா வேவ்ஸ்', அதுவும் இராணுவம். காரைநகர்ப் பக்கம் கடலுக்கு நடுவில் நிற்கும் ஹமென்ஹீல் ஒல்லாந்தர் கோட்டையைக் கடற்படை ஹொட்டேலாக்கி வைத்திருக்கு. 1971 கிளர்ச்சிக்குப் பிறகு ஜே.வி.பி. கைதிகளை அடைத்த சிறை அது. இப்போது அந்தக் கட்சியின் தலைவரே ஜனாதிபதி. கோட்டைக்குள் சிறை போய்க் கட்டில் வந்திருக்கு, சாவி மட்டும் இன்னும் கடற்படையிடம்தான்.

ஒரு நாட்டின் ஆமி ஏன் ஹொட்டேல் நடத்துது? போர் முடிந்த பிறகும் அவ்வளவு பேரை வடக்குக் கிழக்கில் வைத்திருக்க ஒரு வேலையும் வருமானமும் வேண்டும். அந்த வருமானம் உள்ளூரில் லொட்ஜ் நடத்துகிற ஒருவரின் வயிற்றில் அடித்துத்தான் வருகிறது. அவர் காணிக்கும் கூலிக்கும் காசு கொடுக்கவேணும். ஆமிக்கு ஆளும் இருக்கு, காணியும் இருக்கு.

தனியாகப் போனால் இதிலிருந்து தப்பலாமா? தானாகத் தப்ப முடியாது. புக்கிங் செயலியில் நல்ல படமும் நல்ல புள்ளியும் இருக்கும். 'இது இராணுவத்தின் கட்டடம்' என்பதை நாங்களாகத் தேடித்தான் கண்டுபிடிக்கவேணும். ஏ9 வீதியில் வான் பிடித்துப் போனாலும் ஆனையிறவிலும் கிளிநொச்சியிலும் வெற்றிச் சின்னங்கள்தான் முதலில் கண்ணில் படும். 2009-க்குப் பிறகு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தவர்களுக்கு அந்த வழியில் கதை சொன்னது ஆமிதான்.

தனிப் பயணத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1979-ன் பயங்கரவாதத் தடைச் சட்டம் கண் முன்னால் இருக்கு. 2014-ல் இலங்கை தடைசெய்த புலம்பெயர் அமைப்புகளில் அவுஸ்திரேலியத் தமிழ்க் காங்கிரசும் ஒன்று. அதை எடுத்தார்கள், 2021-ல் திரும்பப் போட்டார்கள், 2022-ல் மறுபடியும் எடுத்தார்கள். இந்த நிலையில் நாங்கள் முள்ளிவாய்க்காலில் நின்று ஒரு வீடியோ போட்டால் என்ன நடக்கும்? நாங்கள் போயிட்டு வந்திடுவம். தங்க வைத்த மாமி அங்கேதான் இருப்பா. வாசலில் வந்து கேள்வி கேட்கிறவனுக்கு அவதான் பதில் சொல்லவேணும். சுதந்திரமான பயணம் என்று நாங்கள் சொல்லுகிற சுதந்திரத்துக்கு விலை கட்டுவது பல நேரம் இன்னொருவர். காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாக்கள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்களிடம் போறதென்றால் முதலே கேட்டு, அவர்களுக்கு வசதியான நேரத்தில், கமராவைப் பையில் வைத்துவிட்டுப் போங்கள்.

அப்போ போகவே கூடாதா? சில தோழர்கள் அப்படித்தான் சொல்லுகினம். அந்த நிலைப்பாட்டை மதிக்கிறேன். 2012 டிசம்பரில் மெல்பேர்ண் மைதானத்துக்கு வெளியே இலங்கைக் கிரிக்கெற்றைப் புறக்கணிக்கச் சொல்லி நின்றவர்களின் வழியில்தான் நாங்களும் வந்திருக்கிறோம். ஆனால் கிரிக்கெற் அணி வேறு, அம்மம்மாவின் வீடு வேறு.

இதில் பர்மாவின் அனுபவம் உதவும். 1996-ஐ இராணுவ ஆட்சி 'சுற்றுலா ஆண்டு' என்று அறிவித்தபோது, வராதீர்கள் என்று ஜனநாயகத்துக்கான தேசிய லீக் கேட்டது. 2011-ல் அந்தக் கட்சி நிலைப்பாட்டை மாற்றியது: பெரிய குழுவாகப் பக்கேஜிலும் உல்லாசக் கப்பலிலும் வருவது வேண்டாம், சாதாரண சனத்துக்கு நன்மை வரும்படி தனியாக வருகிறவர்கள் வரலாம் என்றது. பின்னாளில் ரோஹிங்கியா மக்கள் விசயத்தில் அந்தக் கட்சி எப்படி நடந்தது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பிரிப்பு சரியானது. காசு ஜெனரல்களிடம் போகுதா, தேநீர்க் கடைக்காரரிடம் போகுதா என்று பார்த்துப் பிரித்தார்கள். அதை அங்கே இருந்தவர்களே சொன்னார்கள் என்பது இன்னும் முக்கியம்.

எங்கட சனத்திடம் இதுக்கு ஏற்கெனவே ஒரு வழி இருக்கு: வான் பிடிக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து, தெரிந்த ஒருவரின் வானைப் பேசி, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு கதிர்காமத்துக்குப் போன சனம் நாங்கள். முழங்கால் நோவோடு இருக்கிற அம்மாவையும் அதில் ஏற்றலாம். ஆகவே டிசம்பருக்குப் போறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்:

ஒன்று, தங்கப்போகும் இடத்தின் சொந்தக்காரர் யார் என்று எழுத்தில் கேளுங்கள். படைகள் நடத்தும் விடுதி என்றால் வேண்டாம் என்று காரணத்தோடு சொல்லுங்கள். பக்கேஜில போறவர்களும் இதைக் கேட்கலாம். ஒரு குடும்பம் கேட்டால் ஏஜென்சி சிரிக்கும், முப்பது குடும்பம் கேட்டால் ஹொட்டேலை மாற்றும்.

இரண்டு, வான்காரரோடு நேரே பேசி நேரே காசைக் கொடுங்கள். அவர் இரவில் எங்கே படுக்கிறார், என்ன சாப்பிடுகிறார் என்பதும் உங்கட பொறுப்பு.

மூன்று, 2014-ல் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்த ரயிலில் ஏறுங்கள். ஊர்ப் பெண்கள் நடத்துகிற அம்மாச்சி உணவகத்தில் சாப்பிடுங்கள்.

நாலு, அங்கே எடுத்த படத்தைப் போட முதல், படத்தில் இருக்கிறவரிடம் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்தக் கேள்வியே வராதவர்கள் எங்களுக்குள் இருக்கினம். படகில் வந்து, பத்து வருசத்துக்கு மேலாகப் பிரிட்ஜிங் விசாவில் இருக்கிற தமிழர்கள் வெளிநாடு போனால் திரும்பி வர முடியாது. தாய் செத்தாலும் போனில்தான் அழவேணும். 2024-ல் டொக்லண்ட்ஸில் உள்துறைத் திணைக்களத்துக்கு முன்னால் நாட்கணக்காக இருந்த அகதிகளில் அவர்களும் இருந்தார்கள். நீங்கள் ரிக்கெற் போட முதல் அப்படி ஒருவரிடம் போய், ஊரில் யாரைப் பார்க்கவேணும், என்ன கொண்டுபோகவேணும் என்று கேளுங்கள். பையில் அதுக்கு இடம் வைத்துவிட்டு மிச்சத்தை அடுக்குங்கள்.